பொன்னாடையை மடிச்சு வையுங்க, நாற்காலியை எடுத்துப் போடுங்க



எங்களுக்கு ஆடிப்பட்டம், மார்கழிப்பட்டம் என்று விதைக்கிறதுக்குக் காலம் இருக்கு. டவுன்ல இருக்கிற சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் அதே மாதிரி மூணு பட்டம் இருக்கு. ஜனவரி 24 தேசியப் பெண் குழந்தைகள் தினம். மார்ச் 8 மகளிர் தினம். அக்டோபர் 11 சர்வதேசப் பெண் குழந்தைகள் தினம். இந்த மூணு பட்டத்துலயும் அவங்க விதைக்கிறது விருது. சுடர், சிற்பி, செல்வின்னு முடியற ஏதோ ஒரு பேர்ல, சுத்துப்பட்டு கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல இருந்து பதினாலு வயசுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும் பத்து இருபது பொண்ணுங்களைப் பொறுக்கி எடுத்து, 'சமூக சேவைக்கும் தலைமைப் பண்புக்கும்' என்று ஒரு பொன்னாடை, ஒரு ஷீல்டு, ஒரு சான்றிதழ்.

விதைச்சா முளைக்கணும். இத்தனை வருஷமா இந்த விதைப்பைப் பாத்துக்கிட்டிருக்கேன். என்ன முளைச்சதுன்னு கேட்டா, வீட்டு அலமாரியில ஷீல்டு மேல படிஞ்ச தூசிதான் கண்ணுக்குத் தெரியுது. அதனால இன்னைக்குக் கொஞ்சம் காரமாவே எழுதறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்கள்ல பாதிப்பேர் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்ல இருக்கீங்க. அப்படிப்பட்ட சங்கங்கள்ல உறுப்பினராவும் இருப்பீங்க. கோவிச்சுக்காம கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல அந்த விழா எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன். விழா பத்து மணிக்குன்னு போட்டிருப்பாங்க. பிள்ளைங்க எட்டு மணிக்கே யூனிஃபார்ம்ல வந்து நிக்கணும். எதுக்கு? வாசல்ல வரிசையா நின்னு, வர்ற விருந்தினருக்குப் பன்னீர் தெளிச்சு, சந்தனம் குங்குமம் கற்கண்டு நீட்டறதுக்கு. யாருக்கு மரியாதை செய்யறதுக்காக விழாவோ, அந்தப் பொண்ணே வாசல்ல தட்டு ஏந்தி நிக்குது. சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வருவார். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை நாலு, சிறப்புரை. ஒவ்வொருத்தரா மேடைக்கு வந்து, 'நாளைய பாரதம் உங்கள் கையில்' என்று முடிப்பாங்க. ரெண்டு மணிக்குப் பேரைக் கூப்பிடுவாங்க. பொண்ணு ஓடி வரும். ஷீல்டுல ஆறு பேர் கை இருக்கும், அதுல ஒரு கை அவளோடது. போட்டோ. அடுத்த பேர்.

தலைமைப் பண்புக்காகக் கூப்பிட்ட பொண்ணுக்கு ஒலிபெருக்கியில பேச ரெண்டு நிமிஷம் கொடுத்த விழாவை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை. ஒண்ணு ரெண்டு விழாவுல நன்றியுரை சொல்லச் சொல்வாங்க. அதுவும் வாத்தியார் எழுதிக் கொடுத்ததா இருக்கும்.

சரி, யாரைப் பொறுக்கறாங்க? விண்ணப்பப் படிவம் ஒண்ணு இருக்கும். என்ன சேவை செய்தாய், எத்தனை மணி நேரம், ஆதாரமா போட்டோ, பத்திரிகைச் செய்தி, தலைமை ஆசிரியர் பரிந்துரை. மரக்கன்னு நட்ட போட்டோ இருக்கும். விழிப்புணர்வு ஊர்வலத்துல பதாகை பிடிச்ச போட்டோ இருக்கும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்ல கோயில் வளாகத்தைக் கூட்டின போட்டோ இருக்கும். இதெல்லாம் நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். முகாமுக்கு வந்த பிள்ளைங்க எங்க வரத்து வாய்க்கால்ல மண்டிக் கிடந்த பார்த்தீனியத்தைப் பிடுங்கினதை நான் நேர்ல பாத்திருக்கேன். ஆனா போட்டோவுக்குள்ள அடங்காத சேவை ஒண்ணு கிராமத்துல தினமும் நடக்குது. அது எந்தப் படிவத்துலயும் ஏறாது.

எங்க தெருவுல பன்னெண்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு. தெருவோட தாலுகா ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி எல்லாமே அதுதான். பிஎம் கிசான் பணத்துக்கு ஆதார் சரிபார்க்கணும்னா அது கையில போனைக் கொடுப்போம். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்கியாச்சான்னு கேட்டு, கடைசித் தேதியை ஞாபகப்படுத்தறதும் அதுதான். உழவன் செயலியில மானிய விதைக்குப் பதிவு பண்றது, கேஸ் புக் பண்றது, பட்டா மாறுதலுக்கு எழுதிப் போட்டது எங்க நிக்குதுன்னு பாக்கறது, அப்பத்தாவோட சர்க்கரை மாத்திரையில எது காலைக்கு எது ராத்திரிக்குன்னு அட்டையில பேனாவால சூரியனும் நிலாவும் வரைஞ்சு கொடுக்கறது. நாலு வீட்டுச் சின்னப் பிள்ளைங்களுக்குச் சாயந்திரம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கறதும் அதேதான். இவ்வளவையும் தண்ணி தூக்கி, பாத்திரம் விளக்கி, மாட்டுக்குத் தவிடு கலக்கி வச்ச பிறகு செய்யுது. அது அண்ணன் கிரிக்கெட் மட்டையோட வெளிய போயிருப்பான்.

இதுக்கு யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. 'பொம்பளப் பிள்ளை, பொறுப்பா இருக்கு' என்ற ஒத்தைச் சொல்லோட சரி. சேவைன்னா வீட்டு வேலை இல்லாத பிள்ளை ஞாயித்துக்கிழமை வெளிய வந்து செய்யறதுன்னு நீங்க ஒரு கணக்கு வச்சிருக்கீங்க. அந்தக் கணக்குல இந்தப் பொண்ணு பூஜ்யம்.

இன்னொரு பொண்ணைப் பத்திச் சொல்றேன். அது பதினொண்ணாவது படிச்சப்ப நடந்தது. பஸ் ஸ்டாப்புல இருந்து ஊருக்குள்ள வர ஒண்ணரை கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் தைலமரக் காடு. ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வந்து இறங்கறப்ப இருட்டிடும். ரோட்டுல நாலு விளக்குக் கம்பம், நாலும் எரியாது. ஒரு கிராம சபைக் கூட்டத்துல அந்தப் பொண்ணு எழுந்து, 'விளக்கு எப்ப எரியும்?' என்று கேட்டுச்சு. தனக்காக மட்டும் கேக்கலை. அந்த வழியில வர்ற ஒன்பது பிள்ளைங்க பேரையும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொண்டு வந்திருந்துச்சு. சமூக சேவை, தலைமைப் பண்புன்னு நீங்க விண்ணப்பத்துல கேக்கறது இதுதானே? கூட்டத்துல என்ன பதில் வந்துச்சு தெரியுமா? 'நீ போய்ப் படிக்கிற வேலையைப் பாரும்மா.' பின்னாடி இருந்து ஒருத்தர், 'இப்பவே இந்த வாய்னா கட்டிக்கப் போறவன் பாவம்' என்றார். எல்லாரும் சிரிச்சாங்க. தாளை யாரும் வாங்கக்கூட இல்லை.

அடுத்த அக்டோபர்ல டவுன்ல ஒரு சங்கம் அதே பொண்ணுக்கு விருது கொடுத்துச்சு. பேச்சுப் போட்டியில ஜெயிச்சதுக்காக. கிராம சபையில சிரிச்ச அதே ஆட்கள் ஊர் எல்லையில அதுக்கு பிளெக்ஸ் வச்சாங்க. கூட்டத்துல கேள்வி கேட்டா வாயாடி, மேடையில மனப்பாடம் சொன்னா தலைவி. பிளெக்ஸுக்கு ராத்திரி தெரியற மாதிரி டியூப்லைட் கட்டினாங்க. தைலமரக் காட்டுப் பாதையில அன்னைக்கும் விளக்கு எரியலை.

எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். விருது நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் வைக்க நான் வரலை. அந்தப் பொண்ணு கேட்டதைக் கொடுக்காம, கேக்காததைக் கொடுக்கிறோம். அதைவிட மோசம் என்னன்னா, கேக்காததைக் கொடுத்ததால கேட்டதைக் கொடுத்துட்ட மாதிரி நமக்கே ஒரு திருப்தி வந்துடுது.

தலைமைன்னா என்ன விலைன்னு மேடையில இருக்கிறவங்களுக்குத் தெரியுமான்னும் எனக்குச் சந்தேகம் உண்டு. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006ல வந்தது. பொண்ணுக்கு 18 வயசு ஆகாம கல்யாணம் பண்ணக் கூடாது. 1098க்குப் போன் பண்ணினா அதிகாரிங்க வருவாங்க. இதெல்லாம் பள்ளிக்கூடச் சுவத்துலயே எழுதியிருக்கு. ஆனா அந்த நம்பரை அழுத்தற விரலுக்கு என்ன ஆகும்னு சுவத்துல எழுதலை.

பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணு, தன்கூடப் படிக்கிறவளுக்கு நிச்சயம் பண்ணிட்டாங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லிடுச்சு. அதிகாரிங்க வந்தாங்க, கல்யாணம் நின்னுச்சு. யார் சொன்னதுன்னு ஊருக்கு ரெண்டே நாள்ல தெரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணோட அப்பாவை நடவுக்கு யாரும் கூப்பிடலை. குழாயடியில அம்மாகூட யாரும் பேசலை. இந்த நேரத்துல டவுன்ல இருந்து ஒரு குழு வந்து, 'உங்க மகளைப் பாராட்டணும், பேப்பர்ல போட்டோ வரும்' என்று நிக்குது. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, 'ஐயா, போட்டோ மட்டும் வேண்டாம்யா' என்று சொன்னாங்க. வந்தவங்களுக்கு அது புரியவே இல்லை. கிராமத்து ஆளுங்களுக்கு விழிப்புணர்வு பத்தலைன்னு பேசிக்கிட்டே காருக்குப் போனாங்க.

யாருக்கு விழிப்புணர்வு பத்தலை? 2015ஆம் வருஷத்து சிறார் நீதிச் சட்டத்துல 74ஆவது பிரிவு இருக்கு. பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியா இருக்கிற குழந்தை இவங்க பேர், ஊர், பள்ளிக்கூடம், படம் எதுவும் வெளிய வரக் கூடாதுன்னு சொல்லுது. எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரிஞ்ச அந்த அம்மா சட்டத்தோட உயிரைத் தெரிஞ்சு வச்சிருக்காங்க. பட்டம் வாங்கினவங்க பிளெக்ஸ் அடிக்கத் துடிக்கிறாங்க. அந்தப் பொண்ணுக்கு அன்னைக்குத் தேவைப்பட்ட மரியாதை வேற. அவங்கப்பாவுக்கு நாலு நாள் வேலை. அவ தொடர்ந்து பள்ளிக்கூடம் போறாளான்னு மாசாமாசம் ஒருத்தர் விசாரிக்கறது. கல்யாணம் நின்னுபோன அந்தத் தோழியும் திரும்ப வகுப்புக்கு வர்றாளான்னு பாக்கறது. இதுல எதுக்கும் மேடை தேவையில்லை, அதனால எதுவும் நடக்கலை.

கிராமத்து அளவுலதான் இப்படின்னு நினைக்காதீங்க, உலக அளவுலயும் இதே கதைதான். திருவண்ணாமலைப் பொண்ணு வினிஷா உமாசங்கரை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இஸ்திரி வண்டியில எரியற கரியைப் பாத்து, சூரிய சக்தியில ஓடற இஸ்திரி வண்டியை வடிவமைச்ச பொண்ணு. 2021ல கிளாஸ்கோவுல நடந்த பருவநிலை மாநாட்டுல உலகத் தலைவர்கள் முன்னாடி பேசுச்சு. தலைவர்களோட வெத்து வாக்குறுதியால எங்க தலைமுறை கோபமா இருக்குன்னு நேருக்கு நேரா சொல்லிச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நீங்களும் அந்த வீடியோவை ஷேர் பண்ணியிருப்பீங்க. இப்ப ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். உங்க தெரு முனையில துணி தேய்க்கிறவர் வண்டியில சூரியத் தகடு இருக்கா? அந்தப் பொண்ணு கை தட்டல் கேக்கலை, வண்டியை மாத்தச் சொல்லிச்சு. கை தட்டறது சுலபம், செலவில்லாதது.

அப்ப எப்படித்தான் மரியாதை செய்யறதுன்னு கேப்பீங்க. அதுக்கு எங்க புதுக்கோட்டை மாவட்டமே பதில் சொல்லும். 1990களோட தொடக்கத்துல இங்க அறிவொளி இயக்கம் நடந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் அப்ப கலெக்டர். ராத்திரி பாடம் சொல்லிக் கொடுக்கப் போன தொண்டர்கள்ல நிறையப் பேர் பத்தாவது படிச்ச, பத்தாவதுல நின்னுபோன சின்னப் பொண்ணுங்க. ஊர் விட்டு ஊர் போகணும், பஸ் கிடையாது. அவங்களுக்கு மெடல் குத்தியிருந்தா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும். அதுக்குப் பதிலா சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தாங்க. பொண்ணுங்க சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்க வழி பண்ணினாங்க. எனக்கு அப்ப இருபது வயசு. பொட்டல்ல பாவாடை தாவணியோட பொண்ணுங்க விழுந்து எழுந்து ஓட்டினதும், ஆம்பளைங்க டீக்கடையில உக்காந்து கேலி பேசினதும் நேத்து மாதிரி இருக்கு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்ப பார் வச்ச ஆம்பளை சைக்கிளையே வாங்கி ஓட்டினாங்க. 1992 மகளிர் தினத்துல ஆயிரத்துக்கும் மேல பொம்பளைங்க சைக்கிள்ல ஊர்வலம் போனாங்க. பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பத்தி எழுதினது பள்ளிக்கூடப் பாடமாவே வந்துச்சு.

அந்தப் பொண்ணுங்கள்ல யாருக்கு என்ன சான்றிதழ் கொடுத்தாங்கன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. சைக்கிள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஏன்னா அதுக்கப்புறம் அவங்க புருஷனையோ அண்ணனையோ கெஞ்சாம ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, சந்தைக்குப் போனாங்க, பூவையும் காய்கறியையும் தாங்களே கொண்டுபோய் வித்தாங்க.

இன்னும் பின்னால போகலாம். முத்துலட்சுமி ரெட்டி இந்தப் புதுக்கோட்டையில 1886ல பிறந்தவங்க. பள்ளி முடிச்ச அந்தப் பொண்ணு ஆண்கள் படிக்கிற மகாராஜா கல்லூரியில சேரணும்னு கேட்டப்ப எதிர்ப்புக் கிளம்புச்சு. தொண்டைமான் ராஜா இடம் கொடுத்தார். 'அறிவுச் செல்வி' என்று ஒரு பட்டம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தா ராஜாவுக்கும் பேர், எதிர்த்தவங்களுக்கும் நிம்மதி. வகுப்புல உக்காற ஒரு இடம் கொடுத்ததால, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடின டாக்டர் கிடைச்சாங்க. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை கிடைச்சுது.

இடம். இந்த ஒத்தை வார்த்தைதான் நான் சொல்ல வந்தது. இப்ப கிராமத்துல ஒரு பதினாறு வயசுப் பொண்ணுக்கு எங்க இடம் இருக்கு? கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடணும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆனா வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் உறுப்பினர். பதினெட்டு வயசு வரைக்கும் பொண்ணு அங்க வேடிக்கை பாக்கற ஆள். உள்ளாட்சியில பெண்களுக்கு பாதி இடம்னு 2016ல இங்க சட்டம் வந்துச்சு. ரொம்ப நல்லது. ஆனா பதினாறு வயசுல 'உக்காரு, வாயை மூடு' என்று பழக்கிட்டு, நாப்பது வயசுல தலைவர் நாற்காலியில உக்கார வச்சா, பக்கத்து நாற்காலியில இருந்து புருஷன்தான் பேசுவான். அதையும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்.

கர்நாடகத்துல 'மக்கள கிராம சபே' என்று தனியா நடத்தறாங்க. கன்னடத்துல 'மக்கள' என்றால் குழந்தைகளின் என்று அர்த்தம். தமிழ்லயும் மக்கட்பேறு என்று சொல்றப்ப மக்கள் குழந்தைங்கதான், நாமதான் மறந்துட்டோம். அந்தச் சபையில பிள்ளைங்க எழுந்து கழிப்பறை இல்லை, பஸ் வரலை, விளக்கு எரியலைன்னு சொல்ல, பஞ்சாயத்து ஆட்கள் உக்காந்து பதில் சொல்லணும். நம்ம ஊர்லயும் வழி இல்லாம இல்லை. கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுல குழந்தைப் பிரதிநிதி ரெண்டு பேர் இருக்கணும்னு விதியே இருக்கு. உங்க சொந்த ஊர் ஊராட்சியில அந்த ரெண்டு பேர் யாருன்னு கேட்டுப் பாருங்க. பதில் வந்தா எனக்கும் எழுதுங்க.

'ஒரு ஊக்கத்துக்காகக் கொடுக்கறோம், அதையும் குறை சொல்றியேப்பா' என்று சில பேர் சொல்வீங்க. ஊக்கம் தேவைதான். ஷீல்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்த பிள்ளையோட சந்தோஷத்தை நானும் பாத்திருக்கேன், அதை அற்பம்னு சொல்ல மாட்டேன். அரசாங்கம் ஜனவரி 24க்குக் கொடுக்கிற மாநில விருதுல ஒரு லட்சம் ரூபாய் காசோலை இருக்கு. அந்தப் பணம் ஒரு பொண்ணோட படிப்பை நிறுத்தாம காப்பாத்தும், அதை மதிக்கிறேன். ஆனா செடி நல்லா வருதேன்னு கை தட்டினா செடி வளராது. மடையைத் திறந்து விட்டாத்தான் வளரும். மடையை அடைச்சு வச்சுக்கிட்டுச் செடிக்கு மாலை போடறவனை விவசாயின்னு யாராவது சொல்வாங்களா?

அதனால நகரத்து நண்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. இனிமே எங்க ஊர்ப் பொண்ணைக் கௌரவிக்கணும்னா, ஷீல்டு ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: 'உன் ஊர்ல என்ன மாறணும்?' அவ சொல்றதை எழுதிக்குங்க. அந்த ஒரு காரியம் முடியற வரைக்கும் அவகூட நில்லுங்க. விளக்குன்னா ஊராட்சிக்கும் பிடிஓ ஆபீசுக்கும் மனு போட்டு, முடியற வரைக்கும் நடங்க. பஸ்ஸுன்னா டிப்போவுக்கு நடங்க. உங்களுக்கு ஆபீஸ் கதவு திறக்கும், எங்களுக்கு வாட்ச்மேனோட முடிஞ்சுடும், அந்த வித்தியாசத்தை அவளுக்காகச் செலவு பண்ணுங்க. அவ படம் வேண்டாம்னு சொன்னா படம் எடுக்காதீங்க. விழா நடத்தியே ஆகணும்னா அவளைப் பேச விடுங்க, நீங்க கேளுங்க, பன்னீர்ச் செம்பைச் சங்கத்துத் தலைவர் பிடிக்கட்டும்.

எங்க ஊர்க்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், அவங்க பிள்ளைங்க போன்ல இதைப் படிச்சுக் காட்டுவாங்கன்னு தெரியும். அண்ணே, மாமா, சித்தப்பா, அடுத்த கிராம சபை வருது. நம்ம வீட்டுப் பொண்ணு ஒரு தாளோட வந்து நிக்கும். சிரிக்காதீங்க. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, 'உக்காந்து சொல்லு தாயி' என்று சொல்லி, அந்தத் தாளைத் தீர்மான நோட்டுல ஏத்தச் சொல்லுங்க. வேற எந்த விருதும் அவ கேக்கலை.